இரவல் பயம்

பக்கத்தில் ஒரு சைக்கிள் விட்டிருந்தால் சைக்கிள் ஜெயித்திருக்கும். அவ்வளவுதான் அந்த ரயிலின் வேகம்.

தரையிலிருந்து ஒரு மாடி உயரம்கூட இல்லாத தண்டவாளத்தில் அது பூப்பறிக்கப் போவதுபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அதில் உட்கார்ந்திருந்தவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜிம்முக்குப் போய் வளர்த்த புஜங்களோடு இருந்த ஓர் இளைஞன் பக்கத்து சீட்டுக்காரரின் சட்டையைக் கிழித்துவிட்டான். பக்கத்து சீட்டுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செண்பகம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். அவளுடைய இடது காலில் முழங்கால் வரை எஃகுப் பட்டை. கடைசி வளைவை ரயில் நெருங்கியதும் அலறல் உச்சத்துக்குப் போனது. அங்கேதான் போகும் என்று அவளுக்குத் தெரியும். ரயிலில் இல்லாதபோதும் அவள் வேலியைப் பற்றிக்கொண்டாள்.

"ஏம்மா, ஓரமா போ. டிக்கெட் இல்லாதவங்க இங்க நிக்கக் கூடாது."

காவலாளி மாசிலாமணி. அவளோடு எட்டு வருஷம் இதே பூங்காவில் வேலை பார்த்தவர். அவள் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டவர்.

"என்னைத் தெரியலையாண்ணே?"

"தெரியுது. அதனாலதான் போங்கறேன். ஒருத்தனைக் கொன்னது பத்தலையா, இங்க வந்து வேற நிக்கிறே?"

செண்பகம் ரயிலைக் காட்டினாள்.

"அதோ கத்துறாங்களே, அது யாரோட பயம் தெரியுமாண்ணே?"

"யாரோடது?"

"என்னோடது."

"ஆமா, உங்க பாட்டன் எழுதி வச்ச சொத்து. போம்மா."

ஆனால் அவள் சொன்னது உண்மை.

செங்கல்பட்டைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் கோதண்டபாணி இந்தப் பூங்காவைத் தொடங்கியபோது, எங்கோ வெளிநாட்டில் கழித்துப்போட்ட ரோலர் கோஸ்டர் ஒன்றை வாங்கிவந்து பெயின்ட் அடித்து 'சூறை' என்று பெயர் வைத்தார். ஜனங்கள் பயந்தார்கள், வரிசையில் நின்றார்கள். இரண்டு கோடை கழிந்ததும் பழகிவிட்டார்கள். சூறையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

தலைகீழாகப் புரட்டும் சூறை-2 வந்தது. அதற்கும் பழகினார்கள். அதற்குள் பெங்களூர் சாலையில் வேறொருவர் இதைவிட உயரமாக ஒன்றைக் கட்டிவிட்டார். கோதண்டபாணிக்குத் தூக்கம் போயிற்று. தாட்சாயணி என்ற பொறியாளரைப் பிடித்தார். "எனக்கு அவனைவிட உயரம் வேணும், அவனைவிட வேகம் வேணும்" என்றார்.

தாட்சாயணி சூறை-3ஐ வரைந்தாள். பதினைந்து மாடி உயரம். அவ்வளவு வேகத்தைச் சாதாரண பிரேக்கால் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே பார்க்கிற பிரேக் ஒன்றை வைத்தாள். கடைசி வளைவில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம், அதில் ஒரு கண்ணாடிக் கண். ரயில் வருவதை அது பார்த்து, வேகத்தை அளந்து சொன்னால்தான் பிரேக் இறுகும். இரண்டு கண் வேண்டும் என்று அவள் கேட்டாள். "நமக்கே ரெண்டு கண்ணுதான், தண்டவாளத்துக்கும் ரெண்டா?" என்று கோதண்டபாணி சிரித்து ஒன்றோடு முடித்துவிட்டார்.

அந்தக் கண்ணைத் தினமும் காலையில் துடைத்துச் சோதிப்பது ரைடு பொறுப்பாளர் செண்பகத்தின் வேலை.

ஆயுத பூசையன்று ராட்டினங்கள் எல்லாம் ஓய்ந்திருந்தன. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் வண்டியைக் கிளப்பி, முதல் ஓட்டத்தில் ஊழியர்களே உட்கார்ந்து வருவது அந்தப் பூங்காவின் வழக்கம். முன் வரிசையில் செண்பகமும் மெக்கானிக் வீரபாகுவும் உட்கார்ந்தார்கள். கண் ரயிலைப் பார்க்கவில்லை. பிரேக் இறுகவில்லை. நிலையத்தில் நின்றிருந்த இன்னொரு ரயிலில் இது போய் மோதியது. தெறித்த கம்பிகளில் அந்தக் கண்ணும் தூள்தூளானது.

வீரபாகு அங்கேயே செத்துப்போனான். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாசம்.

செண்பகம் பிழைத்தாள். தலையில் பட்ட அடியில் அன்றைய நாள் கிட்டத்தட்ட முழுவதும் அழிந்துபோயிருந்தது. காலையில் பல் தேய்த்தது ஞாபகம் இருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் ஒன்றுமில்லை.

"கண்ணுல தூசி. அந்தப் பொண்ணு துடைக்கல" என்றது கம்பெனி.

"துடைச்சியாம்மா?" என்று போலீஸ் கேட்டது.

"தெரியல சார்" என்றாள் செண்பகம். எழுதிக்கொண்டார்கள். அவள் மேல் வழக்குப் போட்டார்கள்.

துடைத்தேனா, இல்லையா? வீரபாகுவை நான்தான் கொன்றேனா? ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாத நாள் கிடையாது. ஜெயிலுக்குப் போவதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தெரியாமலேயே போவதுதான் தாங்கவில்லை.

*

பேட்டரி வண்டி ஒன்று வேலி ஓரம் வந்து நின்றது. தாட்சாயணி இறங்கினாள்.

"செண்பகம், உள்ளே வா. நானே உனக்கு ஆள் அனுப்பலாம்னு இருந்தேன்."

"எதுக்கு? திங்கக்கிழமை கோர்ட்டுல எனக்கு எதிரா சாட்சி சொல்லப் போறீங்களே, அதுக்கு முன்னாடி காபி குடுக்கவா?"

"முதலாளி பேசணும்கிறார்."

"போன தடவையும் அப்படித்தான் சொன்னீங்க."

போன தடவை நடந்தது இதுதான். விபத்துக்குப் பிறகு முப்பதடிக்கு மேல் எந்த ராட்டினமும் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது. உயரம் இல்லாமல் பயம் ஏது? கோதண்டபாணி பூங்காவை மூடுகிற நிலைக்கு வந்தபோது தாட்சாயணி புதிதாக ஒன்றைச் சொன்னாள். மனுஷரைப் பயமுறுத்த உயரம் தேவையில்லை, பயம் மட்டும் போதும். ஒருவருடைய பயத்தை மூளையிலிருந்து பதிவு செய்து, சீட்டில் பிடரி படுகிற இடத்தில் ஒரு தகடு வைத்து, அதன் வழியே இன்னொருவருக்குப் போட்டுக் காட்டலாம். ரயில் ஊர்ந்தால்கூடப் போதும். ஆனால் நடிப்புப் பயம் உதவாது. சாவைக் கண்ணெதிரே பார்த்த பயம் வேண்டும்.

செண்பகத்திடம் அது இருந்தது. நினைவு போய்விட்டது. பயம் போகவில்லை.

"நாற்காலியில உக்காந்து அதைக் குடு. மிஷின் கோளாறுதான், உன் தப்பு இல்லன்னு கம்பெனியே கோர்ட்டுல சொல்லும்" என்றார் கோதண்டபாணி. உட்கார்ந்தாள். மாதக்கணக்கில், எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்றே தெரியாமல் பயந்தாள். சூறை-4 திறந்தது. ஊரே திரண்டது. போன வாரம் கம்பெனியின் வக்கீல் கோர்ட்டில் எழுந்து, கண்ணில் தூசி, அந்தப் பெண் துடைக்கவில்லை என்றார்.

வண்டியில் ஏறும்போது செண்பகம் கேட்டாள்: "அவரு வாக்கு குடுத்த அன்னிக்கு நீங்களும்தானே பக்கத்துல நின்னு தலையை ஆட்டினீங்க?"

தாட்சாயணி வண்டியைக் கிளப்பினாள்.

*

கோதண்டபாணியின் அறையில் ஏசி குளிராக இருந்தது. மேசை மேல் சின்ன வெள்ளிப் பேலா, அதில் குழைத்த சந்தனம். அவர் நெற்றியில் அகலமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அதைப் பார்த்ததும் செண்பகத்துக்குக் குமட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அப்படித்தான். சந்தன சோப்புகூட வீட்டில் ஆகவில்லை. துக்கத்தில் அப்படி இருக்கும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"இந்தா, என்ன கோளாறு பண்ணி வச்சிருக்கே?" என்றார் கோதண்டபாணி எடுத்த எடுப்பில்.

"நானா?"

"நீதான். மேடம், சொல்லுங்க."

தாட்சாயணி அவளைப் பார்க்காமல் சொன்னாள். "ரைடுல போயிட்டு வர்றவங்க ஒரு மாதிரி நடந்துக்கிறாங்க. வெளியே போற வழியில பிள்ளையார் கோயில் இருக்கு பாரு, அங்க ஐயர் சந்தனம் குடுத்தா பின்னாடி தள்ளிப் போறாங்க. ஒரு மாப்பிள்ளைப் பையன் கல்யாணத்துல நலுங்குக்கு உட்கார மாட்டேன்னு எழுந்து ஓடிட்டான். மாமியார் வீட்டுல பஞ்சாயத்து. இப்போ சேனல்காரங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க."

"சந்தனமா?" என்றாள் செண்பகம்.

"பயம் தனியா வராது. எதைப் பார்த்துப் பயந்தோமோ அதோட ஓரமும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும். உன் பதிவுல சந்தனம் ஒட்டியிருக்கு."

"அதைக் கழுவணும்" என்றார் கோதண்டபாணி. "மறுபடி வந்து உக்காரு. சந்தனம் இல்லாம சுத்தமா ஒரு பயம் குடு. திங்கக்கிழமைக்கு முன்னாடி முடிச்சிட்டா வக்கீல்கிட்ட நான் பேசறேன்."

"போன தடவையும் பேசறேன்னீங்க."

"ஏய், யார்கிட்ட பேசறே? உன்னால ஒரு உசிரு போச்சு. உன்னால அரசாங்கம் என் தலையில கல்லைப் போட்டுச்சு. பாவம்னு உள்ளே விட்டேன். என்னோட உக்காந்து பேரம் பேசறியா?"

"அன்னிக்கு சந்தனம் எங்க இருந்துச்சு சார்?"

"பூசை போட்ட இடத்துல சந்தனம் இல்லாம சாம்பாரா இருக்கும்? எல்லா இடத்துலயும்தான் இருந்துச்சு."

"பயந்தது பூசையில இல்லையே. ஓடுற வண்டியில இருந்து பயந்திருக்கேன். அங்க எங்க இருந்துச்சு?"

கோதண்டபாணி எதையோ தேடுவதுபோல் மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார்.

அவளுக்கு அந்தக் காலை ஞாபகம் இல்லை. ஆனால் அதற்கு முந்தின வருஷங்களின் விஜயதசமி எல்லாம் ஞாபகம் இருந்தது. நல்ல நேரம் தவறிவிடக் கூடாது என்று சோதனை எல்லாம் விடிந்ததுமே முடிந்துவிடும். அப்புறம்தான் முதலாளி பேலாவோடு வருவார். சக்கரம், நெம்புகோல், மோட்டார், கம்பம், ஒன்றையும் விடமாட்டார். வேறு யாரும் வைக்கக் கூடாது. அவர் கை படாமல் இந்தப் பூங்காவில் எதுவும் சுற்றாது என்பது அவர் நம்பிக்கை. அவர் பொட்டு வைத்துக்கொண்டே வர, ஊழியர்கள் பின்னால் கைகூப்பிக்கொண்டு வருவார்கள்.

கம்பம்.

செண்பகம் தாட்சாயணியைத் திரும்பிப் பார்த்தாள். தாட்சாயணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லி என்ன ஆகும்? சந்தனத்தைக் கண்டால் குமட்டுகிறது, ஆகவே முதலாளிதான் குற்றவாளி என்றால் எந்த நீதிபதி கேட்பார்?

"சரி, உக்கார்றேன்" என்றாள். "ஆனா முதல்ல நீங்க சூறையில ஒரு தடவை போயிட்டு வாங்க. நான் என்னத்தைக் குடுத்தேன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் இன்னொண்ணு கேளுங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"கட்டினவரு நீங்க. ஒரு தடவைகூட ஏறினது இல்லையாமே. பயமா?"

"என்னடி சொன்னே?"

"போறது நல்லதுதான் சார்" என்றாள் தாட்சாயணி, ஜன்னலைப் பார்த்தபடியே. "சேனல்காரங்க வாசல்லயே இருக்காங்க. நெத்தி நிறைய சந்தனத்தோட ஏறி, சந்தனத்தோட இறங்கி வந்தீங்கன்னா, புரளி இன்னிக்கே செத்துரும். நான் கன்ட்ரோல் ரூம்ல இருக்கேன்."

கோதண்டபாணி யோசித்தார். கேமரா என்றால் அவருக்குத் தனிப் பிரியம். கண்ணாடி முன் நின்று நெற்றியில் இன்னும் கொஞ்சம் குழைத்து அப்பிக்கொண்டார்.

அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள். அறையில் ஒரு நிமிஷம் தனியாக இருந்த செண்பகம் வெள்ளிப் பேலாவுக்குள் விரலை விட்டாள். வாந்தி தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு உருண்டை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

*

சூறை-4 பழைய இடத்தில்தான் ஓடியது. புதிய இடம் வாங்கக் கோதண்டபாணிக்கு மனம் வரவில்லை. கடைசி வளைவும் அதேதான். பழைய கம்பத்தையே நிமிர்த்தி நட்டிருந்தார்கள். இப்போது அதில் இருந்த கண்ணாடிக்குப் பிரேக்கோடு தொடர்பு இல்லை. கத்துகிறவர்களின் முகத்தைப் போட்டோ எடுத்து வாசலில் விற்பதற்காக ஒரு கேமரா.

நிலையத்தில் ஏகக் கூட்டம். முன் வரிசையில் கோதண்டபாணி தனியாக உட்கார்ந்தார். பின்னால் சேனல்காரர்களும் பொதுஜனமும். எதிரே ஒரு கேமரா அவரைப் பார்த்து நின்றது.

"என்னைப் பார்த்துக்கங்க! சந்தனம் இருக்கா? வரும்போதும் இருக்கும்!" என்று கையை ஆட்டினார்.

ரயில் கிளம்பியது. தாட்சாயணி கண்ணாடி அறைக்குள்ளிருந்து விசையைத் தட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் பின்வரிசைகள் கத்தத் தொடங்கின. ஒரு நிருபர் மைக்கைக் கீழே போட்டுவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டார். கோதண்டபாணி திரும்பிப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

செண்பகம் காலை இழுத்துக்கொண்டு வேலி ஓரமாகக் கடைசி வளைவுக்குப் போனாள். கம்பம் அவள் முக உயரத்தில் இருந்தது. முந்தானையை அவிழ்த்தாள். வாசம் மூக்கில் ஏறியதும் கண்ணில் நீர் கொட்டியது. கண்ணாடியின் நடுவில், முதலாளி வைப்பாரே, அதேபோல் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.

ரயில் வளைவில் திரும்பியது. சைக்கிள் வேகம்தான். கோதண்டபாணி கம்பத்தைப் பார்த்தார். கம்பத்தில் பொட்டைப் பார்த்தார்.

பின்னாலிருந்த எல்லா அலறலையும் மீறிக்கொண்டு அவர் குரல் வந்தது.

"துடைங்கடா! அந்தக் கண்ணைத் துடைங்கடா! பிரேக் பிடிக்காதுடா, துடைங்க!"

எழுந்து குதிக்கப் பார்த்தார். சீட்டுப் பட்டை விடவில்லை. ரயில் சாவகாசமாக நிலையத்துக்குள் நுழைந்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் நின்றது. அவர் தடுமாறி இறங்கினார். கேமரா அவர் முகத்துக்கு நேரே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"யாருடா அங்க பொட்டு வச்சது? சுத்தமா இருந்துச்சேடா... பளபளன்னு துடைச்சு வச்சிட்டுத்தானே போனா அந்தப் பொண்ணு! அவ போனதுக்கு அப்புறம்தானே நான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கேமராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோதண்டபாணி மெதுவாகக் கையை உயர்த்தி, நெற்றியை மணிக்கட்டால் அழுத்தித் தேய்த்தார். சந்தனம் காதுவரை இழுபட்டது.

*

நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டபோது தாட்சாயணி கண்ணாடி அறையிலிருந்து இறங்கிக் கம்பத்தடிக்கு வந்தாள். செண்பகம் அங்கேயே புல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள் தாட்சாயணி. "அவர் சீட்டுக்கு நான் எதுவும் அனுப்பல. அந்தத் தகட்டை அணைச்சு வச்சிருந்தேன்."

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ அவரு கத்தினது?"

"அது உன் பயம் இல்ல. சும்மா ஊருற ரயில்ல உக்காந்துட்டு வந்தார். அவ்வளவுதான்."

"ஏன் அணைச்சீங்க?"

"உன் பயத்தைப் போட்டிருந்தா, மிஷின்தான் தன்னைக் கத்த வச்சதுன்னு நாளைக்கே சொல்லிருவார். இப்போ சொல்ல முடியாது. எல்லாம் கணினியில பதிவா இருக்கு. திங்கக்கிழமை நான் வந்து சொல்றேன்."

அவள் நன்றியை எதிர்பார்த்தாளோ என்னவோ, கொஞ்சம் நின்றாள்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டாள் செண்பகம்.

"சந்தனப் புகார் வந்ததுலேருந்து... சந்தேகம்."

"அதுக்கு முன்னாடி? ஒரு கண்ணு பத்தாதுன்னு தெரியும். வருஷா வருஷம் எல்லாத்துக்கும் பொட்டு வைப்பார்னும் தெரியும். பின்னாடியே கைகூப்பிக்கிட்டு வருவீங்க. நானும்தான் வருவேன், ஆனா அன்னிக்கு என்ன பார்த்தேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்கு இருந்துச்சே."

"சாமி காரியம்... அதுல போய் யார் வாயைத் திறக்கிறது? கம்பத்துல வச்சார்னு பார்த்தேன். கண்ணாடியிலேயே வச்சார்னு..."

"பார்க்கலையா, பார்க்கப் பிடிக்கலையா?"

தாட்சாயணி புல்லைப் பார்த்தாள்.

"இதை அந்த வீரபாகு பெண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லுங்க. கைக்குழந்தையோட இருக்கா. நான் கேட்டு எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல."

"உன் பதிவை அழிச்சிரட்டுமா? இனிமே யாரும் அதை வச்சு..."

"அழிச்சீங்கன்னா உங்க மேலயும் கேஸ் போடுவேன். அன்னிக்கு நான் எதைப் பார்த்தேன்னு அது ஒண்ணுக்குத்தான் தெரியும். கோர்ட்டுக்குக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் ரயிலை நிறுத்துங்க."

தாட்சாயணி போனாள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில், தொழில்நுட்பக் காரணங்களால் சூறை இன்று இயங்காது என்று ஒரு குரல் இனிமையாகச் சொன்னது. வரிசையில் நின்றவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே கலைந்தார்கள்.

செண்பகம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண்ணாடியில் பொட்டு காய்ந்து ஓரம் வெடித்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். இனி அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

முந்தானை நுனியை எடுத்தாள். அவள் யோசிக்கவில்லை, கை தானாகப் போனது. வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று, கிட்டே குனிந்து வாயால் ஓர் ஊதல், மறுபடி ஒரு துடைப்பு, கடைசியில் விரல் முட்டியால் கம்பத்தில் ஒரு தட்டு. ஒரு நாளும் விடாமல் செய்தால் மட்டுமே ஒரு கைக்கு இப்படி வரும்.

கண்ணாடியில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.